‘பிகாஸ்’ முன்னால் வைத்த முற்றுப்புள்ளி

எங்கள் குடியிருப்பின் வாட்ச்மேனுக்கு வேலை போனது எட்டு வார்த்தைகளால். எட்டும் நான் எழுதியவை. நான் எழுதியது மொத்தம் இருபத்து மூன்று. மீதிப் பதினைந்தை வெட்டியவர் சங்கத்தின் செயலாளர். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. மாத்திரை டப்பாவில் போடாமல் விட்ட பிரஷர் மாத்திரை இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கிறேன். இல்லை. கோபம்தான்.

எண்ணுவது என் பழக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். லேத்தில் கடைந்து வரும் இரும்பு உருளைகளை எண்ணி, அளந்து, தேறாததைத் தனியே வைத்து, ஏன் தேறவில்லை என்று ஆங்கிலத்தில் சீட்டு எழுத வேண்டும். வேலையை விட்டுப் பதினாறு வருடம் ஆகிறது. எண்ணுவது விடவில்லை. மூன்றாவது மாடிக்கு ஐம்பத்து நான்கு படி. குடியிருப்பில் நாற்பத்து எட்டு வீடு. லிஃப்ட் இந்த வருடத்தில் பழுதானது பதினொரு முறை. என் மனைவி, “எண்ணி என்ன செய்யப் போறீங்க?” என்று கேட்பாள். ஒன்றும் செய்யப் போவதில்லை. தப்பாக எண்ணுகிறவர்கள் நடுவில் ஒருவனாவது சரியாக எண்ணட்டும் என்றுதான்.

மே மாதம். எங்கள் போர்வெல்லில் தண்ணீர் இறங்கிவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரித் தண்ணீர்தான். அன்றைக்கு லாரி வந்தது மத்தியானம் இரண்டு இருபதுக்கு. ஹாரன் அடித்தது நான்கு முறை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் மூன்றாவது மாடியில் ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொண்டு அதை எண்ணினேன். கேட்டைத் திறக்கத்தான் ஒருவர் இருக்கிறாரே என்று புரண்டு படுத்தேன். நான்காவது ஹாரனுக்குப் பிறகு லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. தண்ணீர் இறக்கிவிட்டுப் போகிறது என்று நினைத்தேன். இறக்காமலே போய்விட்டது.

நாலு மணிக்குக் குழாயில் காற்று வந்தது. நாலேகாலுக்கு ஐந்து பெண்களும் மூன்று ஆண்களும் கேட் அருகில் நின்று, தூங்கிப்போன வாட்ச்மேனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். நானும் ஐம்பத்து நான்கு படி இறங்கிப் போய்க் கத்தினேன். அதை மறைக்க வேண்டியதில்லை. உன்னை நம்பித்தானே இருக்கிறோம், இந்த வயதில் வாளியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று நானும்தான் கேட்டேன். வாட்ச்மேன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வருகிறவர். மூன்று வருடம் பதினோரு மாதமாக எங்கள் வாசலில் இருந்தார். வழக்கமாக நான் காலையில் நடக்கப் போகும்போது, “இன்னா சார், இன்னிக்கு எத்தினி ரவுண்டு?” என்று கேட்பார். நான் சொல்லுவேன். “நேத்து ஒண்ணு கம்மி சார்” என்பார். அவரும் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு உள்ளுக்குள் பிடித்திருந்தது.

எல்லாரும் கத்தி முடித்து மேலே போன பிறகு நான் மட்டும் நின்று கேட்டேன்.

“ஏம்ப்பா, பட்டப்பகல்ல என்ன தூக்கம்?”

“நேத்து காலைல எட்டு மணிக்கு வந்தேன் சார். ராத்திரி ஆளு வர்ல. ஏஜென்சி சூப்பர்வைசருக்குப் போன் அட்சா, ‘அட்ஜஸ் பண்ணிக்க’ன்றான். காலைல மறுக்கா எட்டு மணிக்கு என் டூட்டிதான். எங்க சார் ஊட்டுக்குப் போறது? சோறு துன்னுட்டு குந்தினேன். கண்ணு இட்டுகினு பூட்சி.”

“அப்ப நேத்து எட்டு மணியிலருந்து…”

“நீயே எண்ணிக்க சார்.”

எண்ணினேன். லாரி வந்த நேரத்துக்கு முப்பது மணி இருபது நிமிடம். என் கோபம் அப்படியே திசை மாறியது. தொழிற்சாலையில் ஒரு மிஷினைக்கூட முப்பது மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டமாட்டோம். பேரிங் போய்விடும். ராத்திரிக்கு மாற்று ஆள் அனுப்பாத செக்யூரிட்டி ஏஜென்சியைச் சும்மா விடக்கூடாது, எழுத்தில் வைக்க வேண்டும் என்று செக்யூரிட்டி அறையில் இருந்த புகார் ரெஜிஸ்டரைக் கேட்டேன். அவரே எடுத்துக் கொடுத்தார். பேனாவுக்கு நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நூல் நீளம் போதவில்லை. நோட்டுப் புத்தகத்தை அவர் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா சார் எய்துற?”

“உன்னைப் பத்தித்தான். நல்லதுதான் எழுதறேன்.”

ரெஜிஸ்டரில் தேதி, வீட்டு எண், ரிமார்க்ஸ் என்று தலைப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. அதனால் நானும் ஆங்கிலத்தில் எழுதினேன். அதனால் என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. எனக்கு ஆங்கிலம் வரும் என்பதை அந்தக் குடியிருப்பில் நாலு பேர் பார்க்கட்டும் என்பதற்காகவும் எழுதினேன். எழுதியது இது: தி வாட்ச்மேன் வாஸ் ஸ்லீப்பிங் வென் தி டேங்கர் கேம், பிகாஸ் தி ரிலீவர் டிட் நாட் கம் அண்ட் ஹி வாஸ் ஆன் டியூட்டி ஃப்ரம் தி ப்ரீவியஸ் மார்னிங். லாரி வந்தபோது வாட்ச்மேன் தூங்கிக்கொண்டிருந்தார்; ஏனென்றால் மாற்று ஆள் வரவில்லை, அவர் முந்தைய நாள் காலையிலிருந்து வேலையில் இருந்தார். இருபத்து மூன்று வார்த்தை. கையெழுத்துப் போட்டேன். எனக்கே திருப்தியாக இருந்தது. அவர் நோட்டை மூடி, தன் கையாலேயே மேஜையில் வைத்தார்.

மாலை ஆறேகாலுக்கு என் மனைவி வாட்ஸப்பைக் காட்டினாள். செயலாளர் குடியிருப்புக் குழுவில் போட்டிருந்தார். தி வாட்ச்மேன் வாஸ் ஸ்லீப்பிங் வென் தி டேங்கர் கேம். முற்றுப்புள்ளி. கீழே, மூன்றாவது மாடியில் வசிக்கும் ஒரு மூத்தவர் எழுத்துப்பூர்வமாகப் பதிவு செய்திருக்கிறார் என்று ஒரு வரி. அதற்குக் கீழே கோபமான சிவப்பு முகங்கள். முப்பத்தொன்று எண்ணினேன்.

எட்டு வார்த்தை. ‘பிகாஸ்’ முன்னால் நான் வைத்தது ஒரு கமா. அந்த ஆள் அதை முற்றுப்புள்ளியாக்கிவிட்டு, பின்னால் இருந்ததை வாலை நறுக்குவதுபோல் நறுக்கிவிட்டார்.

இங்கே கொஞ்சம் இலக்கணம் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆங்கில வாக்கியத்தில் இரண்டு வகைத் துண்டு உண்டு. ஒன்று தனியாக நிற்கும். இன்னொன்று எதையாவது சார்ந்துதான் நிற்கும். நம் எல்லாருக்கும் பள்ளிக்கூடத்து லீவ் லெட்டர் தெரியும். ‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்று தொடங்குவோம். காய்ச்சலால் அவதிப்படுவதால். அதோடு நிறுத்திப் பாருங்கள். கேட்கிறவன், ‘அவதிப்படுவதால், அதனால் என்ன?’ என்று வாயைப் பார்ப்பான். அது சார்பு வாக்கியம். ‘ஐ ரெக்வஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ்’, எனக்கு விடுப்புத் தாருங்கள் என்பது தனி வாக்கியம். காய்ச்சல் இல்லாமலும் அது நிற்கும். நாங்கள் படித்த காலத்தில் முன்னதை சபார்டினேட் கிளாஸ் என்றும் பின்னதை மெயின் கிளாஸ் என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது டிபெண்டன்ட், இண்டிபெண்டன்ட் என்கிறார்கள். பரீட்சைக்கு நாங்கள் மனப்பாடம் செய்த விதி இதுதான்: சார்ந்ததை எடுத்துவிட்டாலும் மெயின் கிளாஸ் முழுப் பொருளோடு நிற்கும்.

முழுப் பொருளோடாம். அறுபது வருடம் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

செயலாளர் வெட்டியதில் ஒரு சாமர்த்தியம் இருந்ததைக் கவனித்தேன். என் வாக்கியத்தில் சார்பு வாக்கியங்கள் பல இருந்தன. லாரி வந்தபோது என்பதும் சார்புதான். அதை வைத்துக்கொண்டார். அது தண்ணீரைப் பற்றியது. மாற்று ஆள் வராததும் முந்தைய நாள் காலையும் மனிதனைப் பற்றியவை. அவை போயின. இலக்கணம் தெரியாமல் வெட்டியவர் இல்லை அவர்.

பதில் எழுத உட்கார்ந்தேன். என் விரலுக்கு அந்தப் போனில் ஒரு எழுத்து அழுத்தினால் மூன்று எழுத்து விழும். பாதி எழுதுவதற்குள் குழுவை அட்மின்கள் மட்டும் எழுதும்படி மாற்றிவிட்டார்கள். மனைவி பின்னால் நின்று நான் ரெஜிஸ்டரில் எழுதியதை என்னிடமே சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

“இதை எதுக்கு இங்கிலீஷ்ல எழுதினீங்க?”

“தலைப்பெல்லாம் இங்கிலீஷ்ல இருந்தது.”

“தமிழ்ல எழுதியிருந்தா அந்த மனுஷனும் படிச்சிருப்பாருல்ல? நோட்டைப் பிடிச்சிக்கிட்டே நின்னாருன்னு சொல்றீங்க.”

மனதுக்குள் தமிழில் எழுதிப் பார்த்தேன். மாற்று ஆள் வராததால், முந்தைய நாள் காலையிலிருந்து வேலையில் இருந்ததால், லாரி வந்தபோது வாட்ச்மேன் தூங்கிவிட்டார். தமிழில் ‘தூங்கிவிட்டார்’ கடைசியில்தான் வருகிறது. அதுவரை எல்லாம் எச்சமாகத் தொங்கிக்கொண்டே வரும். முற்றுக்குப் போக வேண்டுமென்றால் காரணங்களைத் தாண்டித்தான் போயாக வேண்டும். வெட்டுகிறவன் தமிழிலும் வெட்டுவான், எனக்குத் தெரியும். ஆனால் முன்பக்கத்தை வெட்ட வேண்டியிருக்கும். படித்துக்கொண்டே போய் அந்த முப்பது மணி நேரத்தைப் பார்த்த பிறகுதான் கத்திரியை எடுக்க முடியும். ஆங்கிலத்தில் நான் குற்றத்தை முதலில் வைத்தேன். காரணத்தைப் பின்னால் கோர்த்தேன். இன்ஸ்பெக்‌ஷன் சீட்டில் இந்தத் தப்பை நான் செய்ததே இல்லை. ‘துளை பெரிதாக இருந்தால்’ என்று முதலில் எழுதிவிட்டுத்தான் ‘ஒதுக்கவும்’ என்று எழுதுவேன். மாற்றி எழுதினால் ‘ஒதுக்கவும்’ என்பதை மட்டும் படித்துவிட்டு நல்ல உருளைகளையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இரும்புக்குக் காட்டிய கவனத்தை மனிதனுக்குக் காட்டவில்லை.

மறுநாள் காலை ஏழு ஐம்பதுக்குக் கீழே போனேன். வாசலில் வேறு ஒருவர் நின்றார். நாற்பது வயதிருக்கும். அரக்கோணம் பக்கமாம். பழைய ஆளைப் பற்றிக் கேட்டேன். ராத்திரியே ஏஜென்சி எடுத்துவிட்டதாகச் சொன்னார். பழையவரின் டிபன் கேரியர் மேஜைக்குக் கீழே இருந்தது. மூன்று அடுக்கு.

நேராகச் செயலாளர் வீட்டுக்குப் போய் மணி அடித்தேன். முப்பத்தைந்து வயது. கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, வீட்டிலிருந்தே. காதில் மாட்டியிருந்ததை ஒரு பக்கம் மட்டும் விலக்கினார்.

“அங்கிள், கால்ல இருக்கேன். ரெண்டு நிமிஷம்.”

“எனக்கு ஒரு நிமிஷம் போதும். என் வாக்கியத்தை எதுக்கு வெட்டினீங்க?”

“எது? ஓ, அதுவா. லாங்கா போட்டா யாரும் படிக்க மாட்டாங்க அங்கிள். மெயின் பாயின்ட் மட்டும் போட்டேன்.”

“பிகாஸுக்குப் பின்னாடி இருந்ததுதான் மெயின் பாயின்ட்.”

“அவர் தூங்கினாரா இல்லையா?”

“தூங்கினார்.”

“லாரி போச்சா இல்லையா?”

“போச்சு.”

“அப்போ நான் போட்டதுல எது தப்பு? கிராமாட்டிக்கலி அது கம்ப்ளீட் சென்டென்ஸ் அங்கிள்.”

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு ஆத்திரம். நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விதியை எடுத்து என் முகத்திலேயே எறிகிறார். “முழு வாக்கியம் வேற, முழு உண்மை வேற” என்றேன். நாடக வசனம் மாதிரி இருந்தது. அவர் சிரிக்கவில்லை, அதற்கு நன்றி. ஆனால் அடுத்து ஒன்று சொன்னார்.

“நீங்க மாத்தி எழுதிக் குடுத்தாலும் நான் ஏஜென்சிக்கு அனுப்ப முடியாது அங்கிள். புரொசீஜர்படி ஓனர்தான் கம்ப்ளெயின்ட்டைத் திருத்தலாம். ஓனர் உங்க பையன். லிஸ்ட்ல நீங்க டிபெண்டன்ட்.”

“பதிஞ்சப்போ மட்டும் நான் யாரா இருந்தேன்?”

“அது… ரெசிடென்ட்டா பதிஞ்சீங்க.” காதில் மாட்டியதைச் சரிசெய்துகொண்டார். “தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள்.”

வீடு பெங்களூரில் இருக்கும் மகனின் பெயரில் இருக்கிறது. உண்மைதான். அவன் கம்பெனி கொடுத்த ஆஸ்பத்திரி அட்டையிலும் என் பெயருக்கு எதிரில் டிபெண்டன்ட் என்றுதான் போட்டிருக்கிறது. அதை நான் ஒன்றும் நினைத்ததில்லை. அன்றைக்கு நினைத்தேன். ஒருவன்மேல் குற்றம் சொல்ல நான் தனியாக நிற்கலாம். அவனைக் காப்பாற்ற மட்டும் நான் எதையாவது சார்ந்துதான் நிற்க வேண்டும். மகனுக்குப் போன் செய்தேன். “அப்பா, மீட்டிங்ல இருக்கேன், நைட் பேசலாம்” என்றான். நான்கு ராத்திரி ஆகியும் பேசவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது நாள் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்து ஆறாவது ஸ்டேஷன், ஆவடி தாண்டி, நெமிலிச்சேரி. புதிய வாட்ச்மேன் ஏஜென்சியில் விசாரித்துத் தெரு சொல்லியிருந்தார். பத்துக்குப் பத்து வாடகை அறை. வாசலில் அவர் லுங்கியோடு சைக்கிள் டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

“வா சார். இன்னா, நல்லது எய்திட்டு வந்துகிறியா?”

கேரியரைக் கீழே வைத்தேன்.

“நான் எழுதினது வேறப்பா. அவங்க வெட்டிட்டாங்க.”

“எல்லாத்தியும் வெட்டினானுங்க, தூங்கினதை மட்டும் வெட்லியா? அதை எதுக்கு சார் நீ எய்துன? லாரி வந்துச்சு, போச்சு. அத்தோட வுட்டுருக்கலாம்ல?”

“தூங்கினியே. அதை எழுதாம மீதியை எப்படி எழுதறது? அது மெயின் கிளாஸ்.”

“இன்னா கிளாசு?”

“மெயின் கிளாஸ். இது சபார்டினேட் கிளாஸ்.”

“டீ கிளாஸ்னா எனக்குத் தெரியும் சார். இது எதுவும் தெர்ல.” உள்ளே திரும்பி மனைவியிடம், “சாருக்கு ஒரு மெயின் கிளாஸ்ல டீ குடு” என்றார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

டீ குடித்துக்கொண்டிருக்கும்போது விஷயத்தைச் சொன்னார். வானகரத்தில் ஒரு பெரிய குடியிருப்பில் இடம் இருக்கிறது. அதே ஏஜென்சிதான். ஆனால் ‘டூட்டியில் தூக்கம்’ என்று அவர் பெயரில் குறிப்பு ஏறியிருப்பதால், பழைய இடத்திலிருந்து யாராவது நன்றாக எழுதிக் கொடுத்தால்தான் போடுவார்கள். திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள். அன்றைக்குச் சனிக்கிழமை.

“செயலாளர்கிட்ட கேட்டியா?”

“கேட் உள்ளயே வுடல சார். நாலு வருசம் நான் தொறந்த கேட்டு.” டியூபைத் தண்ணீரில் அமுக்கினார். குமிழி வந்தது. “நீ எய்திக் குடு. நான் தூங்கலன்னு எய்து. முட்சிடலாம்.”

“அதை எழுத மாட்டேன்.”

“ஏன்?”

“நீ தூங்கின.”

“யோவ் பெர்சு, நீ யார் சைடு?”

என்னை அப்படி அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. எனக்கும் குரல் ஏறிவிட்டது. முப்பத்து நான்கு வருடம் நான் ஒரு சீட்டிலும் இல்லாததை எழுதியதில்லை, இனியும் எழுதமாட்டேன், ஆனால் எழுதாமல் போகவும் மாட்டேன், பேப்பர் இருக்கிறதா என்று கத்தினேன். அவர் மனைவி நாள்காட்டியில் கிழித்த ஒரு தாளைக் கொண்டுவந்தாள். அது போதாது என்று என் பையிலிருந்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தேன். சட்டைப்பையில் என் பேனா இருந்தது. நூல் கட்டாத பேனா.

முதலில் தமிழில் எழுதினேன். முப்பது மணி நேரம் மாற்று ஆள் இல்லாமல் நிற்க வைக்கப்பட்டதால் ஒருமுறை கண்ணயர்ந்தார் என்றாலும், மூன்று வருடம் பதினோரு மாதம் ஒரு நாளும் தவறாமல் எங்கள் வாசலைக் காத்தார். கமாவுக்கு முன்னால் பதினொரு வார்த்தை. பின்னால் பத்து. தாளை அவரிடம் கொடுத்தேன். இந்த முறை அவர் படிக்க வேண்டும். உதடு அசைய, விரல் வைத்துப் படித்தார்.

“‘கண்ணயர்ந்தார்’ வாணாமே சார்.”

“இருக்கட்டும். இந்தத் தடவை அதைச் சார்பு வாக்கியத்துல போட்டிருக்கேன். தனியா நிக்காது. வெட்டறவன் எப்பவும் சார்ந்ததைத்தான் வெட்டுவான். அவன் வெட்டினா உனக்கு நல்லது மட்டும் மிச்சம் இருக்கும்.”

அவர் விரலை அந்தக் கமாவின்மேல் வைத்தார்.

“அவன் எப்டியும் வெட்டப் போறான்னா, நாமளே வெட்டிட்லாமே சார்?”

“நான் வெட்ட மாட்டேன்” என்று மட்டும் சொன்னேன். கீழே அதையே ஆங்கிலத்தில் எழுதினேன். ‘ஆல்தோ’ என்று தொடங்கினேன். அவர் தூங்கினாலும், என்று தொடங்குகிற வாக்கியம். நடுவில் ‘பட்’ போடக் கை போனது. நம்மில் முக்கால்வாசிப் பேர் ‘ஆல்தோ’ என்று தொடங்கிவிட்டு நடுவில் ஒரு ‘பட்’டும் போட்டுவிடுவோம். ‘என்றாலும்’ சொன்ன வாய்க்கு ‘ஆனாலும்’ சொல்லாமல் திருப்தியாகாது. கையை நிறுத்திக்கொண்டேன். கையெழுத்துக்குக் கீழே டிபெண்டன்ட் என்று போடவில்லை. குடியிருப்பவர் என்று போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு என் மனைவியின் போனுக்கு அவர் அழைத்தார். வண்டிச் சத்தத்துக்கு நடுவே கத்தினார்.

“சார், வானகரத்துல கீறேன்! டூட்டில ஏறிட்டேன்!”

“லெட்டர் குடுத்தியா?”

“குட்தேன். படிச்சிகினே, ‘இவ்ளோ நீட்டா ஏறாது’ன்னான். கம்ப்யூட்டர்ல ஒரு லைன்தான் எடம் கீதாம். நீ சொன்ன மாரியே வெட்டிட்டான் சார்! முன்னாடி இருந்ததைப் பூரா எட்த்துட்டு, பின்னாடி இருந்ததை மட்டும் அட்ச்சான். மெய்யாலுமே உனக்கு எல்லாம் தெரிஞ்சிகீது சார்.”

“யாரு வெட்டினது?”

“சூப்பர்வைசர்தான்.”

“எந்த சூப்பர்வைசர்? அன்னிக்கு ‘அட்ஜஸ் பண்ணிக்க’ன்னு சொன்னானே, அவனா?”

“அவனேதான் சார். இப்ப நல்லாத்தான் பேசுறான்.”

மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வேலை கிடைச்சிடுச்சா? அப்புறம் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கீங்க?” என்றாள். மகிழ்ச்சிதான். சொன்னேன். ஆனால் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஒரே விஷயத்தை இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் வெட்டினார்கள். முதல் முறை பின்பக்கம், இரண்டாம் முறை முன்பக்கம். முதல் முறை அவருக்குக் கெடுதல், இரண்டாம் முறை நல்லது. ஆனால் இரண்டு முறையும் கீழே விழுந்தது அதே முப்பது மணி நேரம். ஆள் அனுப்பாத அந்த மனிதன், தான் ஆள் அனுப்பாததைத் தன் கையாலேயே வெட்டி எறிந்துவிட்டு நல்லவனாகப் பேசுகிறான். அதற்கு வழி செய்து கொடுத்தவன் நான். சார்பு வாக்கியத்தில் வைத்தால் வெட்டுவார்கள் என்று தெரிந்தே அதை அங்கே வைத்தேன்.

செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். ரெஜிஸ்டரைக் கேட்டேன். அரக்கோணத்துக்காரர் எடுத்துக் கொடுத்து, பேனாவின் நூல் எட்டாததைப் பார்த்து அவரும் நோட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். ரிமார்க்ஸ் என்ற தலைப்புக்குக் கீழே தமிழில் எழுதினேன். ஏஜென்சி அவரை முப்பது மணி நேரம் நிற்க வைத்தது. ஏழு வார்த்தை. பிகாஸ் இல்லை, ஆல்தோ இல்லை, கமா இல்லை. எங்கே வெட்டினாலும் வாக்கியம் செத்துவிடும். முற்றுப்புள்ளியை நானே வைத்தேன், தாளில் பள்ளம் விழும்படி.

நோட்டைப் பிடித்திருந்தவர் குனிந்து படித்தார்.

“இது யாரைப் பத்தி சார்?”

“உனக்கு முன்னாடி இருந்தவரைப் பத்தி.”

“நான் என்னைப் பத்தின்னு நெனச்சேன்” என்றார். “நைட் ஆளு நேத்து வரல சார். நான் நேத்து காலைல எட்டு மணிக்கு ஏறினது.”

கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று பத்து. இருபத்தேழு மணி பத்து நிமிடம். அவர் கண்கள் ரத்தமாய்ச் சிவந்திருந்தன. இவ்வளவு நேரம் நான் அதைப் பார்க்கவில்லை.

“நோட்டை மூடாதே” என்றேன். “பிடிச்சுக்கோ. அடுத்த வரி எழுதணும். நீ படிச்சுப் பார்த்துட்டுச் சொல்லு.”